கைவிடப்பட்ட மூக்கு வழி

மூளையின் அடிப்புறத்தில், இரு கண்களுக்கும் நடுவே சற்றுப் பின்னால், மண்டையோட்டு எலும்பில் ஒரு சிறு குழி இருக்கிறது. அதற்குள் அமர்ந்திருக்கும் பிட்யூட்டரி சுரப்பியின் எடை அரை கிராமைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். அதற்கு நேர் மேலே பார்வை நரம்புகள் இரண்டும் ஒன்றையொன்று குறுக்காகக் கடக்கின்றன. இருபுறமும் மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் பெருந்தமனிகள் ஏறுகின்றன. கீழே, மெல்லிய எலும்புத் தகட்டுக்கு அப்பால், காற்று நிரம்பிய ஓர் அறை. அதற்கும் கீழே மூக்கு. இந்த இடத்தில் கட்டி வளர்ந்தால் அறுவை மருத்துவருக்கு இரண்டே வழிகள். மண்டையைத் திறந்து, மூளையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மேலிருந்து இறங்கலாம். அல்லது மூக்கின் வழியே கீழிருந்து ஏறலாம். கீழ்வழி 1907இல் திறந்தது. 1920களின் முடிவில் ஏறக்குறைய மூடப்பட்டது. 1960களில் மறுபடியும் திறந்தது. இன்று பிட்யூட்டரி கட்டிகளுக்கான அறுவைகளில் மிகப் பெரும்பாலானவை அந்த வழியாகவே நடக்கின்றன. இந்த வரலாற்றைத் துணிச்சல்மிக்க மருத்துவர்களின் கதையாகவும், மேலும் மேலும் கூர்மையான கருவிகளின் கதையாகவும் சொல்வதே வழக்கம். அந்தக் கதை பொய்யில்லை. ஆனால் நோயாளியின் எதிர்காலம் எப்போது, எதனால் மாறியது என்று கேட்டால் அதில் விடை கிடைக்காது. எதை வெற்றி என்று மருத்துவர்கள் கணக்கிட்டார்களோ, உயிரையா, பார்வையையா, ஹார்மோன்களையா, அதற்கேற்பவே பாதை மாறியது, நோயாளியின் ஆயுளும் மாறியது என்பது என் வாதம்.

தொடக்கத்தில் கணக்கிடுவதற்கே எதுவும் இருக்கவில்லை. 1886இல் பாரிஸ் மருத்துவர் பியேர் மாரி, வயதுவந்த பிறகும் கைகால்களும் தாடையும் பெருத்துக்கொண்டே போகும் நோய்க்கு அக்ரோமெகாலி என்று பெயரிட்டார். அந்த நோயால் இறந்தவர்களின் உடலைத் திறந்து பார்த்தபோது பிட்யூட்டரி வீங்கியிருப்பது திரும்பத் திரும்பத் தெரிந்தது. வீக்கம் நோய்க்குக் காரணமா, நோயின் விளைவா என்ற சர்ச்சை நெடுநாள் நீடித்தது. மாரியே கூட, சுரப்பி செயலிழப்பதால்தான் இந்த நோய் வருகிறது என்ற பக்கம் சாய்ந்திருந்தார். 1893இல் லிவர்பூலில் கேட்டன், பால் என்ற இருவர் ஓர் அக்ரோமெகாலி நோயாளிக்கு மண்டையோட்டின் பக்கவாட்டு எலும்பை அகற்றிப் பார்த்தார்கள். மூளையின் இறுக்கம் தளர்ந்தது, கட்டியை எட்ட முடியவில்லை. லண்டனில் விக்டர் ஹார்ஸ்லி மண்டை வழியே இறங்கிக் கட்டியைத் தொட்டார். 1906இல் அவர் சொன்ன கணக்கு பத்து அறுவைகள், இரண்டு மரணங்கள். ஐந்தில் ஒருவர் மேசையிலோ அதன் பிறகு சில நாட்களிலோ இறக்கும் ஒரு சிகிச்சையைச் சாதனையாகவே அன்று பார்த்தார்கள். குருடாகிக்கொண்டிருந்த நோயாளிக்கு வேறு எதுவும் கைவசம் இல்லாதபோது அந்தக் கணக்கு நியாயமானதுதான்.

மூக்கு வழியை முதலில் நடந்து காட்டியவர் இன்ஸ்ப்ரூக்கின் ஹெர்மன் ஷ்லோஃபர். 1907 மார்ச்சில் ஒரு நோயாளியின் மூக்கை ஒரு பக்கமாகப் பெயர்த்துத் திருப்பி, உள்ளிருந்த எலும்புகளை நீக்கிக்கொண்டே போய், கட்டியின் ஒரு பகுதியை எடுத்தார். நோயாளி பிழைத்தார், ஆனால் இரண்டரை மாதம் கழித்து இறந்தார். பிரேதப் பரிசோதனையில் கட்டியின் பெரும்பங்கு மேலே மூளைக்குள் அப்படியே இருந்தது. இந்த வழியின் பலம், பலவீனம் இரண்டும் முதல் அறுவையிலேயே வெளிப்பட்டுவிட்டன. மூளையைத் தொடாமல் சுரப்பியை அடையலாம். ஆனால் அதற்கு மேலே என்ன இருக்கிறது என்று தெரியாது. அடுத்த மூன்று ஆண்டுகளில் பெர்னில் கோஹரும், சிகாகோவில் கனாவலும் ஹால்ஸ்டெட்டும் முகத்தைச் சிதைக்காமல் உள்ளே போகும் முறைகளைத் தேடினார்கள். வியன்னாவில் மூக்கு மருத்துவரான ஆஸ்கர் ஹிர்ஷ், வெளியே எந்த வெட்டும் இல்லாமல், நாசித் துவாரத்தின் வழியாகவே, நோயாளியை மயக்கத்தில் ஆழ்த்தாமல், கோகெய்ன் தடவி மரத்துப்போகச் செய்து கட்டியை எட்டினார். அது 1910. அதே ஆண்டில் அமெரிக்காவில் ஹார்வி குஷிங் மேலுதட்டுக்கு அடியில் வெட்டி, மூக்கின் இடைச்சுவர் ஓரமாக ஏறும் தன் முறையை உறுதிப்படுத்திக்கொண்டார்.

குஷிங் 1910 முதல் 1925 வரை இந்த முறையில் 231 அறுவைகள் செய்தார். இறந்தவர்கள் 5.6 சதவீதம். ஆன்டிபயாடிக் இல்லை, ஸ்டீராய்டு இல்லை, ரத்தம் ஏற்றுவது இன்று போல் சாதாரணமாக நடக்கவில்லை, உள்ளே பார்க்க நெற்றியில் கட்டிய விளக்கு ஒன்றுதான். இத்தனைக்கும் நடுவே 100 பேரில் 94 பேர் உயிரோடு திரும்பினார்கள் என்றால், மூக்கு வழி ஆபத்தானது என்று யாரும் சொல்ல முடியாது. ஆனாலும் 1920களின் கடைசியில் குஷிங் அந்த வழியை விட்டுவிட்டு மண்டை வழிக்குப் போனார். அவர் போனதும் உலகமே பின்தொடர்ந்தது. அடுத்த முப்பது ஆண்டுகள் மூக்கு வழி மருத்துவ நூல்களின் அடிக்குறிப்பாகச் சுருங்கியது. கருவிகள் கூர்மையடைந்துகொண்டே போனதால் பாதை மேம்பட்டது என்று சொல்லும் வழக்கமான வரலாறு, இந்த இடத்தை விளக்க முடியாமல் தடுமாறுகிறது. நன்றாக வேலை செய்துகொண்டிருந்த ஒரு வழியை, அதில் உலகிலேயே தேர்ந்தவர் ஏன் கைவிட வேண்டும்?

அவர் கணக்கிட்டது எது என்று பார்த்தால் விடை கிடைக்கும். அக்காலத்தில் நோயாளிகள் மருத்துவரிடம் வந்ததே பார்வை போன பிறகுதான். கட்டி மேல்நோக்கி வளர்ந்து, பார்வை நரம்புகள் குறுக்கிடும் இடத்தை அழுத்தும்போது இரு கண்களிலும் வெளிப்பக்கக் காட்சி மறைகிறது. நேரே இருப்பது தெரியும், பக்கவாட்டில் வருபவர் தெரியமாட்டார். அந்த அழுத்தத்தை நீக்கிப் பார்வையைத் திருப்பித் தருவதே வெற்றி. அதற்கு மேலிருந்து இறங்கும்போது நரம்புகளைக் கண்ணால் பார்த்து விடுவிக்கலாம். கீழிருந்து ஏறினால் ஊகித்துத்தான் சுரண்ட வேண்டும். வெறும் எக்ஸ்ரேயில் எலும்புக் குழி விரிந்திருப்பது தெரியுமே தவிர, மேலே இருப்பது பிட்யூட்டரி கட்டியா, மூளை உறையிலிருந்து எழுந்த கட்டியா, வீங்கிய தமனியா என்று தெரியாது. தவறான ஊகத்துடன் கீழிருந்து துளைத்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. இதோடு, மூக்கு வழியில் மிச்சம் வைத்த கட்டி திரும்ப வளர்ந்தது. மூக்கிலுள்ள கிருமிகள் மூளை உறைக்குப் போனால் தடுக்க மருந்து கிடையாது. மறுபக்கத்தில், 1926இல் போவியின் மின்கருவி வந்து ரத்தப்போக்கைக் கட்டுப்படுத்தியதால் மண்டை அறுவை பழைய பயங்கரத்தை இழந்தது. குஷிங்கின் கைகளில் மண்டை வழியின் மரண விகிதம் 4.5 சதவீதத்துக்கு இறங்கியது. 1939இல் ஹெண்டர்சன் என்பவர் குஷிங்கின் 338 நோயாளிகளைப் பின்தொடர்ந்து வெளியிட்ட ஆய்வும், மண்டை வழியோடு கதிர்வீச்சும் சேர்ந்தால் கட்டி திரும்புவது குறைவு என்று காட்டியது. உயிரையும் பார்வையையும் மட்டும் கணக்கிட்டால் குஷிங் எடுத்த முடிவில் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. குஷிங் போட்ட கணக்கு ஒருபுறம் இருக்கட்டும், குஷிங் என்ற பெயர்தான் அந்த வழியை மூடியது. அவருடைய செல்வாக்கு அவ்வளவு பெரிது. மற்றவர்கள் யோசிக்காமல் பின்பற்றினார்கள் என்பது அந்த மறுப்பு. இதில் பாதி உண்மை இருக்கிறது. ஹிர்ஷ் வியன்னாவில் தன் முறையை விடவே இல்லை. 1938இல் நாஜிகள் ஆஸ்திரியாவைப் பிடித்தபோது யூதரான அவர் அமெரிக்காவுக்குத் தப்பி, பாஸ்டனில், குஷிங் ஆண்ட அதே ஊரில், வயதான காலத்திலும் ஹாம்லின் என்ற நரம்பியல் அறுவை மருத்துவருடன் சேர்ந்து மூக்கு வழியைத் தொடர்ந்தார். மூக்கின் வழியே மூளைத் திரவம் கசிவதை அடைக்கும் முறையை 1952இல் விவரித்தவரும் அவரே. எடின்பரோவின் நார்மன் டாட் 1923-24இல் குஷிங்கிடமே பயின்றவர். குரு விட்ட வழியைச் சீடர் விடவில்லை. அகப்பையைப் போல மூக்கினுள் நுழையும் விரிப்பானின் முனையிலேயே விளக்கைப் பொருத்தி, இருட்டுக் குகையாக இருந்த இடத்துக்கு வெளிச்சம் கொண்டுபோனார். இந்த இருவரின் பிடிவாதம் இல்லாவிட்டால் கைத்திறன் என்ற சங்கிலி அறுந்திருக்கும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் செல்வாக்கு மட்டுமே காரணமென்றால் 1939இல் குஷிங் மறைந்ததும் வழி திரும்பியிருக்க வேண்டும். அது திரும்ப இன்னும் இருபது ஆண்டுகள் பிடித்தன. அந்த இருபது ஆண்டுகளில் மாறியது அறுவை அரங்கத்துக்கு வெளியே இருந்தது.

மாறியவற்றில் முதலாவது கார்ட்டிசோன். பிட்யூட்டரி உடலின் மற்ற சுரப்பிகளை ஏவும் சுரப்பி. அதைச் சேதப்படுத்தினால் அட்ரினல் சுரப்பிகளுக்கு ஏவல் போகாது. உடல் அதிர்ச்சியைத் தாங்கத் தேவையான கார்டிசால் ஊறாது. அறுவை முடிந்த சில நாட்களில் ரத்த அழுத்தம் சரிந்து நோயாளி மெல்ல மெல்லப் போய்விடுவார். 1949க்கு முன் பிட்யூட்டரியில் கைவைத்த எல்லா அறுவை மருத்துவர்களும் இந்தச் சுவரை முட்டிக்கொண்டுதான் நின்றார்கள். கட்டியை அதிகமாக எடுத்தால் சுரப்பியும் போகும். சுரப்பி போனால் உயிர் போகும். குறைவாக எடுப்பதுதான் பாதுகாப்பு, குறைவாக எடுத்தால் திரும்ப வளரும். ஹெஞ்ச், கெண்டல், ரைக்ஷ்டைன் ஆகியோருக்கு 1950இல் நோபல் பரிசு வாங்கித் தந்த கார்ட்டிசோன் மூட்டுவாத மருந்தாகப் புகழ்பெற்றது. பிட்யூட்டரி நோயாளிக்கோ அது உயிர். சுரப்பி முழுவதும் போனாலும் மாத்திரையால் வாழலாம் என்று ஆனதும் ஸ்டாக்ஹோமில் லுஃப்டும் ஒலிவக்ரோனாவும் பரவிய மார்பகப் புற்றுநோய்க்கு ஆரோக்கியமான பிட்யூட்டரியையே முழுமையாக அகற்றத் துணிந்தார்கள். பென்சிலின் ஏற்கெனவே மூக்குக் கிருமிகளின் பயத்தைக் குறைத்திருந்தது. 1956 வாக்கில் டாட் தன் கணக்கைச் சொன்னார்: மூக்கு வழியில் தொடர்ச்சியாக 80 அறுவைகள், ஒரு மரணம்கூட இல்லை. குஷிங் போன அதே பாதை, ஏறக்குறைய அதே விரல் வேலை. 5.6 சதவீதத்துக்கும் பூஜ்ஜியத்துக்கும் நடுவே இருந்த வித்தியாசத்தில் டாட்டின் விளக்குக்கும் பங்கு உண்டு, ஆனால் பெரும்பங்கு மருந்துகளுக்கே என்று நான் கருதுகிறேன்.

அதே 1956இல் பாரிஸிலிருந்து ஜெரார் கியோ எடின்பரோவுக்கு வந்து டாட்டின் அறுவையைப் பார்த்தார். ஊர் திரும்பி, அறுவையின்போதே எக்ஸ்ரே திரையில் கருவி எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொண்டு வேலை செய்யும் முறையைச் சேர்த்தார். கீழிருந்து ஏறுபவர் மேலே இருப்பதை ஊகிக்க வேண்டியிருந்த குறை பாதி தீர்ந்தது. கியோவிடம் பயின்ற ஜூல் ஹார்டி 1960களில் மான்ட்ரியாலில் அதோடு அறுவை நுண்ணோக்கியைச் சேர்த்தார். இங்கேதான் கருவியின் பக்கம் நிற்பவர்கள் தங்கள் வலுவான வாதத்தை வைக்கிறார்கள். நுண்ணோக்கி வந்ததால்தானே சாதாரண சுரப்பிக்கும் கட்டிக்கும் உள்ள எல்லையைக் கண்ணால் காண முடிந்தது? சில மில்லிமீட்டர் அளவுள்ள கட்டியைச் சுரப்பிக்குச் சேதமின்றித் தனியாக எடுக்க முடிந்தது? ஆம். ஆனால் சில மில்லிமீட்டர் கட்டியை ஒருவர் ஏன் தேடிப் போக வேண்டும்? அது பார்வை நரம்பைத் தொடுவதில்லை. தலைவலி தருவதில்லை. எக்ஸ்ரேயில் தெரிவதில்லை. பார்வையை மட்டும் கணக்கிட்ட குஷிங்கின் அறுவை அரங்கத்துக்கு அப்படிப்பட்ட கட்டி வந்திருக்கவே வழியில்லை.

விந்தை என்னவென்றால், அந்தக் கட்டியைத் தேடக் கற்றுக்கொடுத்தவரும் குஷிங்தான். 1910இல் அவரிடம் வந்த 23 வயதுப் பெண்ணின் முகம் வட்டமாகி, உடல் பருத்து, வயிற்றில் ஊதாக் கோடுகள் விழுந்து, மாதவிடாய் நின்றிருந்தது. 1932இல், ஓய்வுபெறும் தறுவாயில், அவரைப் போன்ற 12 நோயாளிகளை ஒன்றுதிரட்டி, இதன் வேர் பிட்யூட்டரியில் இருக்கும் மிகச் சிறு கட்டி என்று எழுதினார். சிலருடைய பிரேதப் பரிசோதனையில் அத்தகைய கட்டிகள் கிடைத்தன, எல்லோரிடமும் இல்லை. பலர் நம்பவில்லை. அதன் பின்னும், குஷிங் நோய் என்று பெயர் பெற்ற இந்த நோய்க்கு இரு அட்ரினல் சுரப்பிகளையும் வெட்டி எடுப்பதே நெடுங்காலம் சிகிச்சையாக இருந்தது. அதாவது ஏவுபவரை விட்டுவிட்டு ஏவப்பட்டவரைத் தண்டித்தார்கள். சிகிச்சை இல்லாதவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் ஐந்து ஆண்டுகளுக்குள் இறந்தார்கள் என்று 1950களின் தொடக்கத்துக் கணக்கு சொல்கிறது. ஹார்டி நுண்ணோக்கியோடு மூக்கு வழியே ஏறி, சாதாரணமாகத் தோன்றிய சுரப்பியைக் கீறி, உள்ளே ஒளிந்திருந்த சிறு கட்டியை எடுத்தபோது நோய் அடங்கியது; மற்ற ஹார்மோன்கள் தப்பின. குஷிங் சொன்னது மெய்யானது. அதை மெய்யாக்கியது அவர் கைவிட்ட பாதை. ஆனால் அறுவை பலித்ததா என்பதை முகத்தைப் பார்த்துச் சொல்ல மாதக்கணக்காகும். மறுநாளே சொல்ல ரத்தத்தில் ஹார்மோனை அளக்க வேண்டும். நியூயார்க்கில் ரோசலின் யாலோவும் சாலமன் பெர்சனும் 1950களின் முடிவில் கண்டுபிடித்த கதிரியக்க அளவீட்டு முறை, ஒரு சொட்டு ரத்தத்தில் கோடியில் ஒரு பங்கு ஹார்மோனையும் எண்ணிக் காட்டியது. யாலோவுக்கு 1977இல் நோபல் கிடைத்தது, பெர்சன் அதற்கு முன்பே இறந்துவிட்டார். பிட்யூட்டரி நோயாளிகளின் ஆயுளுக்கு நுண்ணோக்கியை விட இந்தச் சோதனைக்குழாய்க்கே அதிகம் கடன்பட்டிருக்கிறோம் என்று சொல்லத் தயங்கமாட்டேன். ஹார்மோனைக் கணக்கிட முடிந்த பிறகுதான், கட்டியின் அளவு இரண்டாம்பட்சமானது.

இந்த வாதத்துக்கு மிகத் தெளிவான சான்று கத்தியே வேண்டாம் என்று ஆனதில் கிடைக்கிறது. பிட்யூட்டரி கட்டிகளில் மிகச் சாதாரணமானது புரோலாக்டினைச் சுரப்பது. தாய்ப்பால் ஊறச் செய்யும் ஹார்மோன் அது. அளவு மீறினால் பெண்களுக்கு மாதவிடாய் நின்று, கருத்தரிக்காமல், பிள்ளை பெறாதவருக்கும் பால் கசியும். ஆண்களுக்கு ஆண்மை குன்றும். மனிதரில் புரோலாக்டின் தனியொரு ஹார்மோன் என்பதே 1970 வாக்கில்தான் உறுதிப்பட்டது. அதற்கு முன் இந்தக் கட்டிகள் எதையும் சுரக்காதவை என்றே கருதப்பட்டு, வளர்ந்து பார்வையை அழுத்திய பிறகு வெட்டப்பட்டன. பாசலில் சாண்டோஸ் நிறுவனத்தில் எட்வர்ட் ஃப்ளூக்கிகர் குழுவினர், ரை தானியக் கதிரில் பிடிக்கும் எர்காட் பூஞ்சையின் வேதிப்பொருள்களிலிருந்து புரோமோகிரிப்டினை உருவாக்கினார்கள். 1971இல் லண்டன் மருத்துவர்கள் அது பால் கசிவை நிறுத்தியதைப் பதிவு செய்தார்கள். சில ஆண்டுகளில் எதிர்பாராத இன்னொன்று தெரிந்தது: மாத்திரை சாப்பிட்டவர்களுக்குக் கட்டியே சுருங்கியது. அப்போதுதான் வந்திருந்த சிடி ஸ்கேன் அதைப் படமாகக் காட்டியது. பிறகு வந்த காபர்கோலினை வாரத்துக்கு ஒன்றிரண்டு தடவை விழுங்கினால் போதும். பத்தில் எட்டு ஒன்பது பேருக்குப் புரோலாக்டின் இயல்புக்கு வருகிறது. பார்வை நரம்பை அழுத்தும் பெரிய கட்டியிலும் சிலருக்குச் சில நாட்களிலேயே பார்வை திரும்புகிறது. அறுபது ஆண்டுகளாக எந்த வழியாக வெட்டுவது என்று விவாதித்த நோயில் மிகப் பெரிய பிரிவு, ஹார்மோனைக் கணக்கிடக் கற்ற பத்து ஆண்டுகளுக்குள் அறுவை அரங்கத்தை விட்டே வெளியேறியது.

மாத்திரை குணமாக்குவதில்லை, அடக்கிவைக்கிறது. நிறுத்தினால் பலருக்குத் திரும்புகிறது. வெட்டி எடுத்தால் தீர்ந்தது அல்லவா என்று கேட்கலாம். இது நேர்மையான கேள்வி. குறைந்தது இரண்டு ஆண்டுகள் மருந்து சாப்பிட்டு, அளவும் இயல்பாகி, கட்டியும் மறைந்தவர்களில் ஒரு பகுதியினரே மருந்தை நிறுத்திய பின்னும் நலமாக இருக்கிறார்கள். குமட்டல், தலைச்சுற்றல், அரிதாகச் சிலருக்குச் சூதாட்டம் போன்றவற்றில் கட்டுப்பாடற்ற ஆவல் வருவதும் உண்டு. இதனால்தான் அண்மைய பன்னாட்டு வழிகாட்டல், சுரப்பிக்குள்ளேயே அடங்கிய சிறு புரோலாக்டின் கட்டிக்கு, தேர்ந்த கைகள் கிடைக்குமானால், அறுவையையும் மருந்துக்கு இணையான முதல் தேர்வாக நோயாளி முன் வைக்கலாம் என்கிறது. ஆனால் இந்தத் திருத்தமும் என் வாதத்துக்கு எதிராகப் போகவில்லை. அங்கும் தராசில் வைக்கப்படுவது புரோலாக்டின் அளவும், மற்ற ஹார்மோன்கள் தப்புமா என்பதும், பிள்ளை பெறும் வாய்ப்பும்தான். எவ்வளவு கட்டி வெளியே வந்தது என்பது அந்தத் தராசில் இல்லை.

கட்டி போய்விட்டால் நோயாளி பிழைத்தார் என்ற எண்ணம் எவ்வளவு தவறு என்பதை 1990இல் ஸ்வீடனின் கோத்தன்பர்கிலிருந்து வந்த ஓர் ஆய்வு காட்டியது. பிட்யூட்டரி செயலிழந்து, கார்ட்டிசோனும் தைராய்டு ஹார்மோனும் மாற்றாகப் பெற்றுவந்த 333 பேரை ரோசன், பெங்ட்சன் இருவரும் பின்தொடர்ந்தார்கள். அதே வயதுடைய பொதுமக்களில் 57 பேர் இறந்திருக்கலாம் என்ற இடத்தில் 104 பேர் இறந்திருந்தார்கள், பெரும்பாலும் இதய, ரத்தக்குழாய் நோய்களால். வளர்ச்சி ஹார்மோன் கொடுக்கப்படாததே காரணம் என்று அவர்கள் சந்தேகித்தார்கள். தேவைக்கு மேல் ஸ்டீராய்டு கொடுத்ததும், பழைய கதிர்வீச்சும்கூடக் காரணம் என்று பின்னாளில் வந்தவர்கள் சேர்த்தார்கள். சர்ச்சை எப்படிப் போனாலும், கட்டியை வென்றவர்கள் ஏறக்குறைய இரட்டிப்பு வேகத்தில் இறந்தார்கள் என்ற உண்மை நின்றது. அக்ரோமெகாலியில் இதன் மறுபக்கம் தெரிகிறது. கட்டுப்படாத நோயாளிகள் மற்றவர்களை விட ஏறக்குறைய இரு மடங்கு இறந்தார்கள். வளர்ச்சி ஹார்மோன் இயல்புக்கு வந்தவர்களின் ஆயுளோ பொதுமக்களின் ஆயுளுக்கு இணையானது. 1980களில் வந்த ஆக்ட்ரியோடைடு ஊசி சுரப்பைக் குறைக்கிறது. 2003இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பெக்விசோமன்ட் கட்டியைத் தொடுவதே இல்லை. வளர்ச்சி ஹார்மோன் உடலில் பற்றும் இடத்தை அடைத்துவிடுகிறது.

கதிர்வீச்சைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1909இலேயே பாரிஸில் பெக்லேர் எக்ஸ்ரேயால் பிட்யூட்டரி கட்டியைத் தாக்கினார். ஹிர்ஷ் ரேடியம் வைத்தார். 1950களில் பெர்க்லியில் துகள் கற்றைகளைப் பாய்ச்சினார்கள். இன்று ஒரே நாளில் குறிவைத்துச் செலுத்தும் முறைகள் இருக்கின்றன. மிச்சக் கட்டியை நிறுத்திவைப்பதில் கதிர்வீச்சு வல்லது. விலையாக, பல ஆண்டுகள் கழித்துச் சுரப்பியையும் மெல்ல வாடச் செய்கிறது.

பிட்யூட்டரிக்கு அடுத்த வீட்டில் வளரும் கிரேனியோஃபாரிஞ்சியோமா இந்த வரலாற்றின் கசப்பான அத்தியாயம். கருவில் பிட்யூட்டரி உருவாகும்போது மிஞ்சிய செல்களிலிருந்து இது எழுகிறது. பெரும்பாலும் குழந்தைகளையும், நடுவயதினரையும் பிடிக்கிறது. புற்றுநோய் அல்ல, ஆனால் பசை போலச் சுற்றிலும் ஒட்டிக்கொள்ளும். கார்ட்டிசோன் வந்ததும் பாஸ்டனில் டொனால்ட் மாட்சன் குழந்தைகளில் இதை முழுவதும் எடுத்துவிட முடியும் என்று காட்டினார். முழுமையாக எடுப்பதே குணம் என்ற நம்பிக்கை பல பத்தாண்டுகள் ஆண்டது. எடுத்தார்கள். கட்டி திரும்பாத பல குழந்தைகள் பசியையும் தாகத்தையும் தூக்கத்தையும் ஆளும் ஹைபோதலாமஸ் சிதைந்து, அடங்காப் பசியோடு உடல் பெருத்து, வாழ்நாள் முழுக்கத் துன்புற்றார்கள். படத்தில் வெற்றி, வாழ்க்கையில் தோல்வி. இப்போது பல மையங்கள் ஹைபோதலாமஸைத் தொடாமல் மிச்சம் வைத்துக் கதிர்வீச்சு கொடுப்பதையே விரும்புகின்றன. பெரியவர்களிடம் வரும் ஒரு வகையில் ஏறக்குறைய எல்லாக் கட்டிகளிலும் பிராஃப் என்ற மரபணுவில் ஒரே பிறழ்வு இருப்பது 2014இல் தெரிந்தது. அதைக் குறிவைக்கும் இரு மாத்திரைகளைச் சேர்த்துக் கொடுத்த சோதனையின் முடிவு 2023இல் வெளியானது: 16 பேரில் 15 பேருக்குக் கட்டி கணிசமாகச் சுருங்கியது. மேலிருந்து இறங்கியும் கீழிருந்து ஏறியும் அறுவை மருத்துவர்களைத் தோற்கடித்துவந்த கட்டி அது.

இப்போது கருவியின் கட்சிக்கு அதன் நியாயமான பங்கைத் தர வேண்டும். 1990களில் நுண்ணோக்கியின் இடத்தை என்டோஸ்கோப் பிடிக்கத் தொடங்கியது. பிரான்சில் ஜான்கோவ்ஸ்கி, சிங்கப்பூரில் சேத்தியும் பிள்ளையும், பிட்ஸ்பர்கில் ஜோவும் கராவும் என்று பல ஊர்களில் மூக்கு மருத்துவர்களும் நரம்பியல் அறுவை மருத்துவர்களும் சேர்ந்து நின்றார்கள். ஹிர்ஷ் இருந்திருந்தால் மகிழ்ந்திருப்பார். முனையில் கண் இருப்பதால் மூலைகளும் தெரிகின்றன. அமெரிக்காவில் ஏழு மையங்களில் இரண்டு முறைகளையும் ஒப்பிட்டபோது, கட்டி முழுவதுமாக வெளிவந்த விகிதம் இரண்டிலும் 80 சதவீதத்தை ஒட்டியே இருந்தது. ஆனால் அறுவைக்குப் பின் புதிதாக ஹார்மோன் குறைபாடு வந்தவர்கள் நுண்ணோக்கி முறையில் நாலில் ஒருவருக்கும் மேல், என்டோஸ்கோப் முறையில் பத்தில் ஒருவர் அளவில்தான். கட்டியை மட்டும் எண்ணியிருந்தால் புதிய கருவியால் பயனில்லை என்று முடிவு செய்திருப்பார்கள். அது காப்பாற்றியது சுரப்பியை. கைப்பழக்கமும் கருவிக்குக் குறைந்ததல்ல. 1997இல் வந்த ஓர் அமெரிக்கக் கணக்கெடுப்பில், 200க்கும் குறைவான மூக்கு வழி அறுவைகள் செய்தவர்களிடம் மரணம் 1.2 சதவீதம், 500க்கு மேல் செய்தவர்களிடம் 0.2 சதவீதம். மூளைத் திரவக் கசிவு, மூளை உறைத் தொற்று, ஹார்மோன் இழப்பு எல்லாமே அந்த வரிசையில்தான் குறைந்தன.

இன்றைக்கு ஒருவருக்குப் பிட்யூட்டரியில் கட்டி என்று எம்ஆர்ஐ சொன்னால், அவருடைய எதிர்காலம் பெரும்பாலும் நம்பிக்கைக்குரியது. இந்தக் கட்டிகள் புற்றாக மாறி வேறு உறுப்புகளுக்குப் பரவுவது ஆயிரத்தில் ஒன்றிரண்டு. வேறு காரணத்துக்காக எடுத்த படத்தில் தற்செயலாகத் தெரியும் சிறு கட்டிகள் பலவற்றைத் தொடவே தேவையில்லை. ஹார்மோன்களை அளந்துவிட்டு, இடைவெளி விட்டு மறுபடி பார்த்தால் போதும். 10 மில்லிமீட்டருக்குக் குறைந்த, வளர்ச்சி ஹார்மோன் சுரக்கும் கட்டியைத் தேர்ந்தவர் எடுத்தால் நான்கில் மூன்று பேருக்கு மேல் நோய் அடங்குகிறது. கட்டி பெரிதாகி, பக்கவாட்டுத் தமனிகளைச் சூழ்ந்த பின் எடுத்தால் அந்த எண்ணிக்கை பாதியளவுக்கு இறங்கிவிடும். குஷிங் நோயில் அடங்கியபின்னும் சிலருக்கு ஆண்டுகள் கழித்துத் திரும்புகிறது. பார்வை மங்கியவர்களில் பெரும்பாலோருக்கு அழுத்தம் நீங்கியதும் தெளிவு கூடுகிறது. நரம்பு வெளுத்துப்போகும்வரை காத்திருந்தவர்களுக்குத் திரும்புவது குறைவு.

அறுவை முடிந்த ஐந்தாம் ஆறாம் நாளில் ரத்தத்தில் சோடியம் சரியலாம் என்பதால், வீட்டுக்கு அனுப்பப்பட்டவரும் அந்த வாரம் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். அடங்காத தாகமும் ஓயாத சிறுநீரும் வந்தால் 1960களில் ப்ராகில் உருவான டெஸ்மோபிரஸின் என்ற மருந்து இருக்கிறது. சுரப்பி செயலிழந்தவர்கள் தினமும் ஹைட்ரோகார்ட்டிசோன் மாத்திரை எடுக்க வேண்டும். காய்ச்சல் வந்தால் அன்றைக்கு அளவைக் கூட்ட வேண்டும், வாந்தியால் மாத்திரை தங்கவில்லை என்றால் தாமதிக்காமல் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். கட்டியிலிருந்து தப்பி, பார்வையும் திரும்பி, நலமாக நடமாடிக்கொண்டிருந்த சிலர் ஒரு சாதாரண வயிற்றுப்போக்கில் இந்த ஊசி கிடைக்காமல் இறந்துபோகிறார்கள். அவர்களுக்கு வந்தது 1949க்கு முந்தைய நோயாளிகளைக் கொன்ற அதே மரணம். அதைத் தடுக்கும் மருந்து எழுபது ஆண்டுகளுக்கும் மேலாகக் கையில் இருக்கிறது, விலையும் அதிகமில்லை. அறுவை அறையிலிருந்து வெளியேறும் நோயாளியின் சட்டைப்பையில், அவருக்கு ஸ்டீராய்டு நிற்கக் கூடாது என்று எழுதிய ஓர் அட்டை இருக்கிறதா, வீட்டில் இருப்பவருக்கு ஊசி போடத் தெரியுமா என்பதும் அந்த மருத்துவமனையின் வெற்றிக் கணக்கில் சேர வேண்டும்.